மூக்கைப் பொத்திய முந்தானை

மகனே,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. பல் விளக்கினாயா? நாக்கு வழித்தாயா? இல்லையென்றால் இதை மடித்து வைத்துவிட்டு, போய் அதைச் செய்துவிட்டு வா. பெற்றவள் பிள்ளைக்கு எழுதுகிற முதல் வரியா இது என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ பஸ் ஏறிய பிறகு, நீ தலை வைத்துப் படுத்த தலையணையின் உறையைக் கழற்றி வெந்நீரில் ஊறப் போட்டேன். நீ வாய் வைத்துக் குடித்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தேன். அப்படியும் அதை மற்ற டம்ளர்களோடு கவிழ்க்க மனசு வரவில்லை, தனியாகத்தான் வைத்திருக்கிறேன். உன்னைச் சுமந்து பெற்ற எனக்கே இப்படி என்றால், உன்னோடு ஒரே பாயில் படுக்க வேண்டிய அந்தப் பெண்ணை நினைத்துப் பார்.

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போன செல்வி, ஆவணி பிறந்து பாதி போயும் கூரத்திலிருந்து திரும்பவில்லை என்று சொல்லத்தான் நீ அம்பத்தூரிலிருந்து வந்தாய். உன் நைனா வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழக்கூடாது என்று நீ என் பக்கத்தில் வந்து, முகத்தோடு முகம் வைத்துக் குசுகுசுத்தாய். ஐயோ, அந்தக் காற்று! நெல் குதிருக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் ஒரு வாடை வருமே, அதன் மேலே சிகரெட்டும் டீயும் பொட்டலப் பாக்கும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நான் சுவரோரம் நகர்ந்தேன். நீயும் நகர்ந்து வந்தாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லி எழுந்தேன். அடுப்படிக்கும் வந்தாய். என்னதான்டா அவளுக்கு, சண்டை கிண்டை போட்டாளா என்று புகைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டேன். விறகுப் புகை எனக்குத் தேவலாம் போல இருந்தது.

"அவ மேல ஒரு கொறையும் இல்லம்மா. ரொம்ப மரியாத தெரிஞ்ச பொண்ணு. எங்கிட்ட பேசறப்பல்லாம் முந்தானையால வாயப் பொத்திக்கினுதான் பேசும். பட்டணத்துல இருந்துக்கினு எவ அப்டி கீறா, நீயே சொல்லு?" என்றாய். சொல்லும்போது உன் முகத்தில் ஒரு பெருமை. இதே வீட்டில், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை, இதே பெருமையோடு உன் நைனா சொல்லக் கேட்டவள் நான். அந்தக் கதை உனக்குத் தெரியாது. நீ அப்போது காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். நைனாவுக்குச் சர்க்கரை, அதனால் பல்லெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் உன்னிடம் சொன்னோம். மீதியை இப்போது சொல்கிறேன். அதற்கு முன்னால் கூரத்துக் கதையைக் கேள்.

செவ்வாய்க்கிழமை நான் உன்னிடம் சொல்லாமல் கூரத்துக்குப் போனேன். செல்வியின் அப்பா எனக்கு மோர் கொடுத்த கையோடு கேட்டார்: "இன்னா சம்மந்தி, உங்க புள்ள எங்க பொண்ண அடிக்கிறாரா? குடிச்சிட்டு வராரா? கேட்டா அது வாயே தொறக்க மாட்டேங்குது. அழுதுக்கினே கீது. இந்த பேஜாரு எங்களுக்கு வாணாம். ஆவணிக்குள்ள நாலு பெரியவங்கள உக்கார வெச்சி பேசி முடிச்சிக்கலாம்." பேசி முடிப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். தாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண்ணைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்வது. அந்த மனுஷர் தப்பாக எதுவும் பேசவில்லை. நல்ல பெண்ணைப் பெற்றவர் வேறு எப்படிப் பேசுவார்?

செல்வியைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "அவர் நல்லவருதான் அத்தை, அவர் மேல ஒண்ணும் இல்ல அத்தை" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்று உனக்குத்தான் தெரியுமே. "அவன் வாய் நாறுதா?" என்று கேட்டேன். அந்தப் பெண் கையிலிருந்த தாம்புக்கயிற்றை விட்டுவிட்டாள், வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது. அப்புறம் கீழே உட்கார்ந்து அழுதாள் பார், ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். "யார்கிட்ட அத்தை இத சொல்றது? அடிச்சாருன்னா சொல்லலாம், குடிச்சாருன்னா சொல்லலாம். நாத்தம்னு எப்டி சொல்றது? எங்க அம்மாகிட்ட கூட சொல்ல வாய் வரல. சினிமாவுக்குப் போனா இண்டர்வெல்ல எழுந்து வெளிய வந்துடுவேன். அவர் தூங்கறப்ப வாயத் திறந்துக்கினு எம் பக்கம் திரும்பிடுவாரு. எழுந்து போயி ஜன்னல்கிட்ட உக்காந்துப்பேன். ஒரு நாள் வாந்தியே எடுத்துட்டேன் அத்தை" என்றாள். அந்த வாந்தியைத்தான் நீ விசேஷம் என்று நினைத்து, ஃபேக்டரி முழுக்கச் சொல்லி, மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனாயாமே. அடப்பாவி! அந்த மைசூர்பாகை வாயில் ஊட்ட வேறு கிட்டே போனாயாம்.

இனி உன் நைனா கதை. நாற்றம் என்றால் அதுதான் நாற்றம். உன்னுடையது அதற்கு முன்னால் கைக்குழந்தை. காலையில் செங்கல் தூளும் உப்பும் கலந்து, ஒற்றை விரலால் முன்பல்லை மட்டும் தேய்ப்பார். அது வெள்ளை வெளேர் என்று மின்னும். கடைவாய்ப் பக்கம் விரல் போனதே கிடையாது. நாக்கு வழிப்பதைப் பொம்பளை வேலை என்று நினைத்தாரோ என்னவோ, அவர் நாக்கு மேலே மஞ்சளாக ஒரு படை படிந்திருக்கும், வழித்தால் ஒரு கரண்டி வரும். விடிந்தால் வெற்றிலை, அதோடு புகையிலை. அந்த உருண்டையைக் கன்னத்தில் அதக்கினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வெளியே வரும். சில நாள் அதை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுச் சாப்பிட்டு, மறுபடியும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். கழனியில் நாள் முழுக்க நின்றாலும் தண்ணீர் குடிக்க மாட்டார், புகையிலைச் சாறு வீணாகிவிடுமாம். புரட்டாசி சனிக்கிழமையில் பட்டினி வேறு. காய்ந்த வாயோடு அவர் கோவிந்தா போட்டால் பஜனையில் முன்வரிசை காலியாகிவிடும். பக்தியில் வழி விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் இன்னும் முன்னால் போவார்.

நான் சொல்லவில்லையா என்று கேட்காதே. தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஈறிலிருந்து சீழ் வருவதைக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். "பல்லு பளபளன்னு கீது, நாத்தம் எங்கேர்ந்துடி வரும்? உனக்கு மூக்கு சரியில்ல" என்பார். எங்கள் பாயில் நான் பல வருஷம் அவர் கால் பக்கம் தலை வைத்துத்தான் படுத்தேன். சேற்றில் நின்று வெடித்த கால் அது. அது எனக்கு மணந்தது என்று வைத்துக்கொள். நான் எவ்வளவு கத்தினாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "ஊரே என் முன்னாடி வாயப் பொத்திக்கினு நிக்குது. நீ ஒருத்திதான் வாயத் தொறக்கற!"

அந்தக் காலத்துப் பழக்கம் உனக்குத் தெரியும். கூலி ஆட்கள் நிலக்காரர் முன்னால் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேச வேண்டும். என்ன கண்றாவிப் பழக்கமோ, மனுஷன் மூச்சு இன்னொரு மனுஷன் மேல் பட்டால் என்னவாம்? நல்லவேளையாக அந்த வருஷங்களில் அது செத்துக்கொண்டிருந்தது. மற்ற நிலக்காரர்கள் முன்னால் துண்டு தோளுக்கு ஏறிவிட்டது, நேருக்கு நேர் கூலி பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் உன் நைனா முன்னால் மட்டும் ஒருத்தர் விடாமல் பொத்தினார்கள். துண்டு இல்லாதவன் கையால் பொத்துவான். உத்திரமேரூர் கடைத்தெருவில் மளிகைக்கடை பாய்கூட இவர் போனால் தோள் துண்டை எடுத்து மீசை வரைக்கும் துடைத்துக்கொண்டே பேசுவார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, மத்தவனுக்கெல்லாம் போச்சு. எனக்கு மட்டும் இன்னும் மரியாத கீது. அது வம்சத்துல வரணும்" என்று என்னிடம் வந்து சொல்வார். சொல்லும்போதே நான் முந்தானையை மேலே இழுப்பேன், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

தை மாசம், சம்பா அறுப்பு. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்களுக்குக் கூழ் கொண்டு போயிருந்த நானும் அங்கேதான் நின்றேன். அஞ்சலையை உனக்கு ஞாபகம் இருக்கும், நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருவாளே, உயரமாக, கணீர் என்று குரலோடு. உன் நைனா அவளிடம் போய் நாளைக்கு எத்தனை ஆள் வரும் என்று கேட்டார். அவள் முந்தானையை எடுத்து மூக்குக்கு மேலே பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். பக்கத்து நிலத்துக்காரரும் அப்போது வரப்பில் நின்றுகொண்டிருந்தார். இவருக்கு வாய் சும்மா இருக்குமா? "பாருங்க, அஞ்சல மாதிரி வாய்க்காரி கூட எம் முன்னாடி வாயப் பொத்திக்கினுதான் பேசுவா. மரியாதைன்னா இவகிட்ட கத்துக்கணும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அஞ்சலைக்கு என்ன தோன்றியதோ. அன்றைக்கு வெயிலா, களைப்பா, அல்லது அந்த மரியாதை என்ற வார்த்தை அவளுக்குப் பொறுக்கவில்லையா, தெரியாது. முறத்தைக் கீழே வைத்தாள். "ஐயா, நீங்க நல்லா இருக்கணும். ஆனா நான் வாயப் பொத்தல. மூக்கப் பொத்தறேன். நாங்க அல்லாருமே மூக்கத்தான் பொத்தறோம். உங்க வாயி பொண நாத்தம் நாறுது ஐயா. வூட்ல ஒருத்தரும் சொல்லலியா?" என்றாள். மாடு அசைபோடுவது கேட்டது. அப்புறம் வைக்கோல் போர் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து களமே சிரித்தது. வரப்பில் நின்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். கூழ்ப்பானையைப் பிடித்தபடி நானும் சிரித்தேன். உன் நைனா என்னைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு விறுவிறு என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் வந்து பார்க்கும்போது கூடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் ஊதி ஊதி மோந்துகொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியேடி" என்றார், பாவமாக. தன் வாய் நாற்றம் தனக்குத் தெரியாதாம், மூக்கு அதோடு பழகிவிடுமாம். இது பின்னால் டாக்டர் சொன்னது. புறங்கையை நக்கிக் காயவைத்து மோந்து பாருங்கள் என்றேன். பார்த்தார். முகம் கோணிப்போயிற்று. ஆனால் ஆம்பளை வீம்பு போகுமா? அஞ்சலையை இனிமேல் களத்துப் பக்கம் கூப்பிடக்கூடாது என்றார். மளிகைக்கடை பாயிடமிருந்து கிராம்பும் ஏலக்காயும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். சாக்கடை ஓரம் ஊதுவத்தி ஏற்றின மாதிரி ஆயிற்று. முன்பாவது ஒரே நாற்றம், இப்போது இரண்டு. கடைசியில் நானே இழுத்துக்கொண்டு போய்க் காஞ்சிபுரத்தில் ஒரு பல் டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். டாக்டர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "இவருமா?" என்று உன் நைனா என்னிடம் கேட்டார்.

வயிறு கெட்டிருக்கும், அதுதான் வாயில் வருகிறது என்று உன் நைனா ஆரம்பித்தார். டாக்டர் விடவில்லை. எல்லாரும் பழியை வயிற்றின் மேல் போடுவார்கள், பெரும்பாலும் நாற்றம் வாயிலேயே உற்பத்தி ஆகிறது என்றார். பல்லிடுக்கில் தங்கிய சோறு அழுகுகிறது. நாக்கின் பின்பக்கம் படிந்த படை அழுகுகிறது. ஈறு சீழ் பிடிக்கிறது. சொத்தைப் பல் குழி ஒரு குப்பைத்தொட்டி. எச்சில் ஊறினால் வாய் தானே கழுவிக்கொள்ளும். தண்ணீர் குடிக்காமல், பட்டினி கிடந்து, மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டு அதைக் காய வைத்தால் நாறாமல் என்ன செய்யும்? புகையிலை, சிகரெட்டு, சாராயம் எல்லாம் வாயைக் காய வைத்து, ஈறைக் கெடுத்து, தங்கள் நாற்றத்தையும் சேர்க்கும். பச்சை வெங்காயமும் பூண்டும் ஒரு நாளில் போய்விடும், அது பெரிதில்லை. ஈறு இவ்வளவு கெட்டிருப்பதால் சிறுநீரைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று அனுப்பினார். பார்த்தால் சர்க்கரை. எப்போதிலிருந்தோ. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் சர்க்கரைக்குப் பார்த்தவர்.

ஆடிக்கொண்டிருந்த பல்லையெல்லாம் எடுத்தார்கள். அந்தக் கிண்ணத்தில் கிடந்ததை நான் பார்த்தேன், இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது சில நாள் ஞாபகம் வந்து தொலைக்கிறது. புகையிலை நின்றது. பல் செட்டு வந்தது. அடுத்த அறுப்புக்கு அவரே ஆள் அனுப்பி அஞ்சலையைக் கூப்பிட்டார். களத்தில் எல்லார் முன்னாலும், "இப்ப எப்டி கீது, பாத்து சொல்லு" என்றார். அவள் கூச்சமே படாமல் கிட்டே வந்து மோந்து பார்த்தாள். "இப்ப மனுசன் கிட்ட நிக்கலாம் ஐயா" என்றாள். அன்றைக்கு ஒருத்தர்கூட வாயைப் பொத்தவில்லை. எல்லாரும் தோளில் துண்டோடு, இடுப்பில் செருகிய முந்தானையோடு அவரோடு நேரே பேசினார்கள். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "அப்ப இத்தினி வருசமா எவனும் எனக்கு மரியாத குடுக்கலியா?" என்று கேட்டார். "குடுத்தாங்க. இல்லாட்டி மூஞ்சிக்கு நேரா வாந்தி எடுத்திருப்பாங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் செட்டைக் கழற்றிவிட்ட வாயால் சிரித்தார். அன்றைக்குத்தான் என் தலையணையை எடுத்து அவர் தலையணை பக்கத்தில் போட்டேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். கிழவராகிவிட்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. வாலிபம் முழுக்க அந்த வெடித்த காலைப் பார்த்தே போயிற்று எனக்கு.

செல்விக்கு அது வேண்டாம். அதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன். அவள் என்னைப் போலக் கத்துகிறவளும் இல்லை, அஞ்சலையைப் போல முகத்துக்கு நேரே கேட்கிறவளும் இல்லை. வாயைத் திறக்காமலே போய்விடுவாள், ஏன் போனாள் என்று தெரியாமல் நீ சாகிற வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டிருப்பாய். நீ வாயைத் திறந்து தூங்கினபோது பார்த்தேன், கீழ்க்கடைவாயில் ஒரு பல் கறுத்துக் குழி விழுந்திருக்கிறது. அதில் புகையிலை வைத்து வலியை அடக்குகிறாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பல் விளக்காமலே படுக்கிறாய். தண்ணீருக்குப் பதில் டீ, சாப்பாட்டுக்குப் பதில் சிகரெட்டு, அது தெரியக்கூடாது என்று பொட்டலப் பாக்கு. உன் மூக்கு சின்ன வயசிலிருந்தே அடைப்பு, அதையும் காட்டு. நைனாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நீயும் நீரைப் பரிசோதித்துவிடு. வெட்கப்பட்டுக்கொண்டு அம்பத்தூரில் போகாவிட்டால் காஞ்சிபுரத்துக்கு வா, நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறேன். ஒருத்தரை ஏற்கெனவே இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கம்தான்.

உன் மாமனார் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆவணி முடியட்டும், அதுவரை நாலு பேரைக் கூப்பிடாதீர்கள் என்று தவணை வாங்கி வந்திருக்கிறேன். காரணம் கேட்டார். என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னேன். நான் கிளம்பும்போது செல்வி பஸ் வரைக்கும் வந்தாள். "அவருக்கு மனசு நோகாம சொல்லுங்க அத்தை" என்றாள். நோகாமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை, என்ன செய்ய? ஆனால் அவள் அப்படிச் சொன்னாள் என்பதை நீ தெரிந்துகொள். வெறுத்துவிட்டவள் அப்படிச் சொல்ல மாட்டாள்.

இப்போது உன் நைனா வந்து, இன்னா எழுதறே இம்மா நேரம் என்று கேட்டார். சொன்னேன். டம்ளர் தண்ணீரில் கிடந்த பல் செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லு, அந்தப் பொண்ணு பொத்திக்கினு பேசறத மரியாதன்னு எவன்கிட்டயும் சொல்லிக்கினு திரிய வாணாம்னு. நான் திரிஞ்சது போதும்" என்றார்.

வைத்தியம் முடிந்த பிறகு கூரத்துக்குப் போ. பூ, பழம், மைசூர்பாகு ஒன்றும் வாங்காதே. கிணற்றடியில் அவள் இருப்பாள். கிட்டே போய் நின்று, செல்வி, போகலாமா என்று கேள். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காதே, முந்தானையைப் பார். அது இடுப்பிலேயே செருகி இருந்தால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நட. அது மூக்குக்கு ஏறினால், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி, அடுத்த பஸ்ஸில் ஏறி மறுபடியும் டாக்டரிடம் போ.

இப்படிக்கு,
மூக்கைப் பொத்திக்கொண்டாலும் வாயைப் பொத்தாத
உன் அம்மா